பழைய ஐரோப்பிய இசையை அந்தக் கால வாத்தியங்களிலேயே வாசிக்கும் குழுக்களை நேரில் கேட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குளிர்தேசத்தான்:
ஸ்வீடன் அரசவை இசையமைப்பாளர் க்ரவுஸின் இரங்கல் சிம்பொனி, ஜெர்மனியின் கொலோனில் ஒரு தேவாலயத்தில். ஆரம்பம் தெரிந்ததுதான், டிம்பனி (செப்புக் கிண்ண முரசு) மட்டும். பதிவில் எத்தனையோ முறை கேட்டிருந்தும் நேரில் முதல் அடி விழுந்ததும் கை ஜில்லிட்டுவிட்டது. தோலின் மேல் துணி. ஓசை எழுந்த இடத்திலேயே அமுங்கிப்போனது. குழிக்குள் முதல் பிடி மண் விழும் சத்தம். பிளாஸ்டிக் தோல் போட்ட இன்றைய டிம்பனியில் இது வரவே வராது.

1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் ஓபராவில், முகமூடி நடனத்தின் நடுவே ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவைச் சுட்டார்கள். 13 நாள் கழித்து இறந்தார். க்ரவுஸை ஆதரித்து, அரசுச் செலவில் ஐரோப்பா முழுக்க அனுப்பிப் படிக்கவைத்தவர் அவர். அந்த மனிதருக்கு எழுதிய இசை. அதே டிசம்பரில் காசநோயில் க்ரவுஸும் போய்விட்டார், 36 வயது. மொஸார்ட் பிறந்த அதே 1756இல் பிறந்தவரை இவ்வளவு காலம் எப்படி மறந்தார்கள் என்று அன்றிலிருந்து ஆறவே இல்லை.

வேறு யாராவது நேரில் கேட்டிருக்கிறீர்களா?

கொம்பூதி:
க்ரவுஸை நேரில் கேட்டதில்லை. ஆனால் பிளாஸ்டிக் தோல் பற்றிச் சொன்னது சரியில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இன்றும் ஆட்டுத் தோல் டிம்பனிதான் வாசிக்கிறது. நீங்கள் கேட்ட அமுங்கல் அந்தத் துணியால் வந்தது. துணியைப் போட்டால் எந்தத் தோலும் அமுங்கும்.

எனக்கு மறக்காதது ரோஸெட்டி என்ற இசையமைப்பாளர் ஹார்ன் என்ற பித்தளைக் கொம்பை முன்னிறுத்தி எழுதிய கான்செர்ட்டோ (இவரும் 1792இல்தான் இறந்தார்). வால்வு (சுரம் மாற்றும் விசை) இல்லாத பழைய ஹார்ன். வலது கை கொம்பின் வாய்க்குள் போய்ப் போய் வருகிறது. கையை மூடினால் சுரம் மங்கி, யாரோ அடுத்த அறையில் ஊதுவது போலக் கேட்கிறது. திறந்தால் பளீர். மெதுவான பகுதியில் ஒரு நீண்ட சுரம் அப்படி மங்கிக்கொண்டே போய் உடைந்துவிடும் போல வந்தது, உடையவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வால்வு ஹார்னில் எல்லாச் சுரமும் ஒரே நிறத்தில் வரும். ரோஸெட்டி அந்த மங்கலையும் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

மயிலாப்பூர் வயலின்:
ஒரு பயிலரங்கில் குடல் நரம்புத் தந்தி பூட்டிய பரோக் கால (17, 18ஆம் நூற்றாண்டு) வயலினைக் கையில் கொடுத்தார்கள். தாடை வைக்கும் கட்டை இல்லையே என்று மற்றவர்கள் திணற, நான் தரையில் உட்கார்ந்து தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்தேன். வில் படும்போது ஒரு சின்ன உரசல் கேட்டது. எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலிலேயே க்ரவுஸின் இரங்கல் சிம்பொனிக்குப் போகாதீர்கள். நான்கு பகுதியும் மெதுவானவை, பழகாத காதுக்குக் கஷ்டம். சி.பி.இ. பாக் (பெரிய பாக்கின் மகன்) 1773இல் வான் ஸ்வீட்டன் என்ற இசைப் புரவலருக்காக எழுதிய ஆறு சிம்பொனிகளில் தொடங்குங்கள். தந்திகளும், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகையான ஹார்ப்ஸிகார்டும்தான், திடீர் திடீரென்று பாதை மாறும். சின்ன அரங்காகப் பாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், குடல் தந்தியின் ஓசை தூரம் போகாது. ஸ்ருதி சேர்ப்பதைத் தவறவிடாதீர்கள். அரங்கில் ஈரம் கூடினால் தந்தி கலைந்துவிடும், இடையிடையே மறுபடி சேர்ப்பார்கள், பொறுமை வேண்டும். அப்புறம் ஸ்ருதி 415 ஹெர்ட்ஸ் என்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஸ்ருதி வேறு. இன்றைய 440க்கு அரைச் சுரம் கீழே என்பதால் வசதிக்காக வைத்துக்கொண்டது அது. விரல் நடுக்கமே (வைப்ராட்டோ) இல்லாமல் வாசிக்கிறார்களே என்று குறைப்படுகிறவர்கள், மொஸார்ட்டின் அப்பா 1756இல் எழுதிய வயலின் நூலைப் பார்க்கட்டும். ஒவ்வொரு சுரத்திலும் விரலை ஆட்டுகிறவர்களுக்குத் தீராத காய்ச்சலா என்று அவரே கேட்கிறார்.

குளிர்தேசத்தான்:
@மயிலாப்பூர் வயலின், க்ரவுஸில் தொடங்காதீர்கள் என்பதை ஏற்க முடியவில்லை. எனக்கு க்ரவுஸ்தான் கதவைத் திறந்தார். கொன்செர்ட்டோ கொலோன் என்ற குழு வாசித்த அவருடைய சி மைனர் சிம்பொனியைக் கேட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தேன். சோகத்துக்குப் பழக்கம் தேவையில்லை.

எல்பெக்கரை:
ஸெலெங்கா என்ற இசையமைப்பாளரை ஒருவரும் சொல்லவில்லையே! ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் டபுள் பாஸ் (வயலின் போன்ற மிகப் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவர். 1729இல் அங்கே இசைத் தலைவராக இருந்த ஹைனிஷென் இறந்ததும் அந்தப் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தார், ஹாஸ்ஸே என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய ட்ரியோ சொனாட்டா ஒன்று, இரண்டு ஓபோ, ஒரு பஸூன் (நாதஸ்வரம் போல ரீட், அதாவது சீவாளி, வைத்து ஊதுபவை). பஸூன்காரருக்கு மூச்சு விடவே இடம் கொடுக்காமல் எழுதியிருக்கிறார். பகுதி முடிந்ததும் அவர் முகம் சிவந்து, ரீடைத் துடைத்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த பகுதி இன்னும் வேகம். நிகழ்ச்சித் தாளில் வாசித்தவர்கள் பெயர் போடவில்லை. அவர் வேறு எங்கே வாசிக்கிறார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.