கர்ப்பிணியின் அட்டையில் ‘gestational age’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது: கருவயதா, சூல்வாரமா?

> ‘கருவயது’ என்றே வைத்துவிடலாம். சுருக்கம், எவருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும்.

ஏற்காட்டில் செவிலியராக இருந்தபோது நானே பட்ட பாடு இது. பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பையன், மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினான். “கருவயது எட்டு வாரம்” என்று வாசித்துச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. “சிஸ்டர், நான் ஊருக்கு வந்தே ஆறு வாரந்தானே ஆவுது?” அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எட்டு என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணிய கணக்கு. கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். அதை அவனுக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இல்லாத வயதை அந்தச் சொல் கருவின் தலையில் ஏற்றுகிறது. அதனால்தான் ‘சூல்வாரம்’ என்கிறேன், சூல் என்றால் கர்ப்பம்.

மாதவிடாய்த் தேதியும் லேசில் கிடைக்காது. “கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?” என்று கேட்டால் குளித்த நாளைச் சொல்வார்கள், தொடங்கிய நாள் அதற்கு மூன்று நாள் முந்தியிருக்கும். சிலர் “காப்பிப் பழம் பறிக்கிறப்போ” என்பார்கள். பறிப்போ மாதக்கணக்கில் நடக்கும்! அங்கேதான் ஸ்கேன் கைகொடுக்கிறது. 1973இல் கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன், கருவின் உச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்து வாரம் கணிக்க வழி காட்டினார். அந்த நீளம் 16 மில்லிமீட்டர் என்றால் சுமார் 8 வாரம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் ஐந்து முதல் ஏழு நாள்தான் முன்பின் ஆகும். பிறகு தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு என்று அளப்பார்கள். கடைசி மூன்று மாதத்திலோ மூன்று வாரம்கூடப் பிசகும். ஆகவே முதல் ஸ்கேனில் தேதி குறித்தபின், எட்டாம் மாதம் பிள்ளை சிறிதாகத் தெரிகிறதே என்று வாரத்தைக் குறைக்கக் கூடாது. வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

———

அம்மா, சம்பவம் சுருக்கென்று தைத்தது. ‘கருவயது’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சேலத்தில் தாவரவியல் நடத்துகிறவன். சூல், சூலகம் என்றால் என் மாணவர்களுக்குப் பூவின் உள்ளுறுப்புதான். ‘நிறைசூலி’ (நிறைமாதக் கர்ப்பிணி) அழகான சொல், ஓ.பி. வரிசையில் நிற்பவர் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? “இது எத்தனையாவது வாரம்?” என்றுதானே கேட்கிறார்கள்? ‘கர்ப்ப வாரம்’ போதும். 40 வாரம் என்றால் 280 நாள், 28 நாள் மாதமாகப் பத்து. நம் பாட்டிமார் சொன்ன பத்து மாதமும் அதோடு பொருந்துகிறது.

———

பூவை நான் யோசிக்கவில்லை ஐயா. சூல்வாரத்தை விட்டுவிடுகிறேன், மனசில்லாமல்தான். ‘கருவயது’ கரு உண்டான நாளிலிருந்து எண்ணும் வயதுக்கு மட்டும் இருக்கட்டும். அட்டையில் இப்படி எழுதலாம்: ‘கர்ப்ப வாரம் 8, முதல் ஸ்கேன் கணக்கு’. எந்தக் கணக்கு என்பதையும் கூடவே எழுதாவிட்டால் பின்னால் பார்ப்பவர் தடுமாறுவார். அளவுக்கு ‘உச்சி–பிட்ட நீளம்’. தொடை எலும்பு தொடை எலும்பாகவே இருக்கட்டும், அதற்கும் ஒரு சண்டை வேண்டாம்.