முழுநேர நாடகக் குழுவை ஒரு சின்ன ஊர் தாங்குமா?

வேடதாரி (கேள்வி)

டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊரில் எட்டுப் பேர் சேர்ந்து நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறோம். எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது, ஒத்திகை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. சென்னைக்குப் போகிற எண்ணம் யாருக்கும் இல்லை, இங்கேயே இருந்து செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது. ஆளுக்கு மாதம் 15,000 என்று வைத்தாலும் 1,20,000 ஆகிறது. 100 ரூபாய் டிக்கெட்டில் 100 பேர் வந்தால் ஒரு காட்சிக்கு 10,000, ஆக சம்பளத்துக்கு மட்டுமே மாதம் 12 காட்சி நிரம்ப வேண்டும். வாடகை, விளக்கு, வண்டி எல்லாம் அதற்கு மேல். எங்கள் ஊரில் ஒரே நாடகத்துக்கு மூன்று காட்சி நிரம்பினாலே பெரிது.

இன்னொன்று. யாரிடம் உதவி கேட்டாலும் “ஊருக்கு என்ன செய்வீர்கள்?” என்கிறார்கள். டெங்கு, ஹெல்மெட், பிளாஸ்டிக் என்று விழிப்புணர்வு நாடகம் போட்டால் உடனே பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு குழு ஊருக்குச் செய்ய வேண்டியது அதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருகாட்ட ரசிகன்

தோழர், முடிந்தால் ஒருமுறை ஹெக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகாவில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன கிராமம், உங்கள் ஊரைவிடச் சின்னது. அங்கே 1949-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த அமெச்சூர் மன்றம்தான் நீநாசம். அதை வளர்த்தெடுத்த கே. வி. சுப்பண்ணாவும் அந்தப் பகுதி பாக்கு விவசாயிதான். எடுத்தவுடனே சம்பளக் குழு ஆரம்பிக்கவில்லை என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். முதலில் ஊர்க்காரர்களே நடித்தார்கள், பிறகு அரங்கம் கட்டினார்கள், திரைப்படச் சங்கம் நடத்தினார்கள், 1980-இல் நடிப்புப் பள்ளி வந்தது, 1985-இல்தான் ‘திருகாட்ட’ என்ற சுற்றுப்பயணக் குழு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பார்வையாளர்களை உருவாக்கிவிட்டு அப்புறம்தான் தொழில்முறைக் குழுவுக்குப் போயிருக்கிறார்கள்.

உங்கள் 12 காட்சிக் கணக்குக்கும் அங்கே விடை இருக்கிறது. திருகாட்ட சொந்த ஊர் டிக்கெட்டை நம்பிப் பிழைக்கிற குழு இல்லை. மழைக்காலத்தில் உட்கார்ந்து சில நாடகங்களைத் தயார் செய்துகொண்டு, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுக்கச் சுற்றுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் அமைப்பு ஒன்று பொறுப்பெடுத்துக் காட்சியை நடத்தும். ஒரு ஊரில் 12 காட்சி நிரம்பாது, ஆனால் 12 ஊரில் ஒவ்வொரு காட்சி நிரம்பும். ஷேக்ஸ்பியரும் காளிதாசனும் தாலுகா ஊர்களுக்குப் போகிறார்கள், ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கிராமத்துக்கு இவ்வளவு போதும் என்று அவர்கள் தரத்தைக் குறைத்துக்கொண்டதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது கிடைத்தது.

பபூன் மகன்

கன்னடத்தைப் பார்க்கச் சொல்வது சரிதான், ஆனால் நம் ஊரிலேயே நாடகத்தை மட்டும் நம்பி ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன, அதை யாரும் தொழில்முறை அரங்கம் என்று பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? பங்குனி, சித்திரை, வைகாசித் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நடக்கும். ஊர் வரி போட்டுப் பணம் சேர்க்கும், பார்க்கிறவருக்கு டிக்கெட் கிடையாது. ஒரு ஊர் கூடிச் செலவு செய்து ஒரு கலையை வரவழைப்பதைவிடப் பெரிய சமூக உறவு என்ன இருக்கிறது?

ஆனால் அதில் இருக்கிற குறையையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீடே அந்தத் தொழிலில் இருந்ததால் தெரியும். அங்கே குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஹார்மோனியம், ஆல்ரவுண்ட் (தாள வாத்தியக்காரர்) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லாமலே விடியும் வரை தர்க்கம் செய்து நிற்கிற அந்தத் திறமை எனக்கு இன்றும் ஆச்சரியம். இருந்தாலும் புது நாடகம் வராது, மழைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும். முந்தைய காலத்தில் நாடகக் கம்பெனி இருந்தது, நடிகர்கள் எல்லோரும் ஒரே குழுவாக அதிலேயே இருப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் கம்பெனியை ஆரம்பித்தார், பின்னால் பெரிய நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில்தான் சேர்ந்தார்கள். கம்பெனி ஒரு ஊருக்கு வந்தால் கொட்டகையில் மாதக்கணக்கில் தங்கி, ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கடுமையாக நடத்தியதெல்லாம் திரும்பி வர வேண்டாம். ஆனால் பத்து நாடகத்தைக் கையில் வைத்திருக்கிற அந்த முறை உங்களுக்குத் தேவை. ஒரே நாடகத்தோடு முழுநேரத்துக்குப் போகாதீர்கள்.

ஒப்பனை அறை

விழிப்புணர்வு நாடகம் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் செய்திருக்கிறோம். ஒரு துறைக்காகக் கிராமம் கிராமமாகப் போட்டோம், பணம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதைவிட மோசம், பார்க்கிற ஜனங்கள் எங்களை அந்தத் துறை ஆட்களாகவே பார்த்தார்கள். அடுத்து எங்கள் சொந்த நாடகத்துக்கு அதே ஊரில் கூப்பிட்டபோது “இந்தத் தடவை எந்த நோயைப் பற்றி?” என்று கேட்டார்கள். வருமானத்துக்குக் கொஞ்சம் செய்யுங்கள், குழுவின் அடையாளமாக அதை ஆக விடாதீர்கள்.

ஊருக்குச் செய்வது என்றால் என் மனதில் வருவது காஞ்சிபுரம் பக்கம் இருக்கிற கட்டைக்கூத்துச் சங்கம். 1990-இல் கூத்துக் கலைஞர்களே சேர்ந்து ஆரம்பித்தது. 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தினார்கள், பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே இடத்தில் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்தில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டினார்கள். கூத்தை எதற்கும் விளம்பரமாக மாற்றாமலே, கூத்துக்குள் இருந்தே அவ்வளவும் நடந்தது.

காசு பற்றி: ஒரே இடத்து நிதியை நம்பாதீர்கள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு முழுநேர நடிகர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது, நவீனத் தமிழ் நாடகத்துக்கு அது செய்தது பெரிய காரியம். ஆனால் அப்படிப்பட்ட உதவி ஒருநாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் குரு சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் நாடகக் குழுக்களுக்கு மாத உதவித்தொகை உண்டு, விண்ணப்பியுங்கள், வந்தால் லாபம் என்று இருங்கள். முதல் வேலையாகச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், ஏழு பேர் போதும். நாடக டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். எட்டுப் பேரும் ஒரே நாளில் வேலையை விடவும் வேண்டாம். முதல் வருடம் இரண்டு பேர் முழுநேரம் இருந்து மற்ற ஊர்களில் காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்த ஆள் பிடிக்கட்டும்.

வேடதாரி

மிக்க நன்றி தோழர்களே. சுற்றுப்பயணம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து ஊர்களில் வாசகர் வட்டம், நூலக நண்பர்கள் என்று ஆட்கள் இருக்கிறார்கள், பேசிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், அரங்கமே இல்லாத ஊரில் எங்கே போடுவது? பள்ளிக்கூட ஹாலில் எதிரொலியில் வசனம் ஒன்றும் கேட்பதில்லை.

ஒப்பனை அறை

கல்யாண மண்டபம் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் பூட்டித்தான் கிடக்கும், வாடகையைக் குறைத்துத் தருவார்கள். மேடை, நாற்காலி, மின்சாரம் எல்லாம் இருக்கும். எதிரொலிக்குப் பின் சுவரிலும் பக்கச் சுவரிலும் கனமான துணியைத் தொங்கவிட்டால் பாதி குறையும், முன்வரிசைகளைத் தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார வையுங்கள். மேலே பால்கனி இருக்கிற மண்டபமாக இருந்தால் விளக்கு கட்ட வசதி. ஆனால் ஆனி மாதமே போய்ப் பேசிவிடுங்கள், தள்ளுபடித் துணிக்கடைக்காரர்களும் அதே ஆடிக்கு அதே மண்டபத்தைத்தான் கேட்பார்கள்.