ஏணி டாக்: நயமா, வெறும் சத்தமா?

மீட்டர்காரன்:
வால்வு நேசன் ஐயா நேற்று ஒருவருக்குச் சொன்ன யோசனையைப் படித்துவிட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அந்த நண்பர் ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு நல்ல டாக் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) கேட்டார். ஐயா சொன்னது சுருக்கமாக இதுதான்: டெல்டா சிக்மா என்ற வகைச் சிப் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது, ஓவர்சாம்பிளிங் (எண்களுக்கு நடுவே புதிய எண்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாத, ரெசிஸ்டர்களை ஏணிப்படிபோல் அடுக்கிய ஏணி டாக்தான் டிஸ்கில் இருப்பதை அப்படியே தருகிறது, அவர் வீட்டில் இரண்டையும் மாற்றிப் போட்டதும் எல்லோருக்கும் உடனே வித்தியாசம் தெரிந்துவிட்டது, ஆகவே இன்னும் இரண்டு லட்சம் சேர்த்து வைத்து ஏணியே வாங்குங்கள்.

எனக்கு ஒரே கேள்வி. மாற்றிப் போட்டபோது இரண்டின் அவுட்புட் வோல்டேஜும் ஒன்றாக இருந்ததா? மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? ஆர்சிஏ என்ற சாதாரண ஆடியோ இணைப்பு வழியாக 2 வோல்ட் என்பது வழக்கம், கட்டாயம் இல்லை. ஒன்று 2 வோல்ட், இன்னொன்று 2.3 என்றால் 1.2 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அதைக் காது "சத்தம் கூட" என்று சொல்லாது. "தெளிவு கூட, மேடை விரிந்திருக்கிறது" என்றுதான் சொல்லும்.

வால்வு நேசன்:
என்னைப் பெயர் சொல்லி இழுத்ததற்கு நன்றி தம்பி. சத்தத்துக்கும் நயத்துக்கும் வித்தியாசம் தெரியாத காது என்று என் காதை யாரும் இதுவரை சொன்னதில்லை. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் கும்கி கொடுக்கும்போது அந்த நாதம் வளைந்து ஏறும் இல்லையா? பழைய டாக்கில் அது "பொத்" என்று விழுந்தது. ஏணியில் தோல் அழுந்துவதே தெரிகிறது. வால்யூமைத் திருகினால் தோல் தெரியுமா?

பிலிப்ஸின் டிடிஏ1541 சிப் 1985இல் வந்தது. இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து டாக் கட்டுகிறார்கள். அவர்கள் எல்லோரும் செவிடர்களா?

மீட்டர்காரன்:
மீட்டர் வைத்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

டிடிஏ1541 ஏணி சிப்பே இல்லை. அது மின்னோட்டத்தைப் பங்கிட்டுச் சராசரி எடுக்கும் வேறு முறை. அந்தச் சிப்பைச் செய்த பிலிப்ஸ், பக்கத்திலேயே 4 மடங்கு ஓவர்சாம்பிளிங் ஃபில்டர் சிப்பையும் வைத்துத்தான் பிளேயர் செய்தது. அதற்கு முந்தைய 14 பிட் பிளேயரிலும் அதே 4 மடங்கு இருந்தது. நீங்கள் துணைக்கு அழைக்கும் கம்பெனியே உங்கள் கட்சியில் இல்லை.

நெல்லைச் செவி:
ஓவர்சாம்பிளிங் இல்லாவிட்டால் மேல் சுருதிகள் அடங்கிப்போகும் என்பது கணக்கு. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20இல் 3 டெசிபலுக்கு மேல் இறங்கும். அதைத்தான் பலர் "இதமாக இருக்கிறது" என்கிறார்கள். பிடித்திருந்தால் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் டிஸ்கில் இருப்பதை "அப்படியே" தருகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்படியே வரவில்லை.

வால்வு நேசன்:
20 கிலோஹெர்ட்ஸ் என் வயதில் கேட்காது என்றுதானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்? போன வருடம் கேபிள் விவாதத்திலும் இப்படித்தான் வயதை இழுத்தீர்கள். மறக்கவில்லை.

நெல்லைச் செவி:
வயதைப் பற்றி ஒரு வார்த்தை நான் எழுதவில்லை. கேபிள் விவாதத்தில் எழுதியது வேறு ஆள்.

மீட்டர்காரன்:
கேபிள் அப்புறம். வோல்டேஜ் எவ்வளவு?

தம்புரா:
சண்டைக்கு நடுவில் ஒரு தகவல். மேயர், மோரான் என்ற இருவர் 2007இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சிடியைவிட உயர்தர ஒலியை (ஹை-ரெஸ்) நேராகக் கொடுத்தார்கள், அதையே சிடி தரமான 16 பிட் 44.1 வழியாக ஒரு சுற்று விட்டும் கொடுத்தார்கள். எது எது என்று கேட்டவர்கள் 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். அளவுகளைச் சமமாக்கித்தான் செய்தார்கள்.

வால்வு நேசன்:
அது சிடியா, ஹை-ரெஸ்ஸா என்ற சோதனை. ஏணியா, சிக்மாவா என்று அவர்கள் கேட்கவே இல்லை. 2016இல் ரைஸ் என்ற ஆய்வாளர் இதே மாதிரி 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பழகிய காதுகள் கண்டுபிடிக்கின்றன என்று எழுதினாரே, அதை ஏன் சொல்லவில்லை? பழகாத காதுகளின் சராசரியை வைத்து என் காதை அளக்காதீர்கள்.

மீட்டர்காரன்:
ரைஸின் கணக்கில் மொத்தச் சராசரி 52 சதவீதத்துக்குச் சற்று மேல். பயிற்சி பெற்றவர்களுக்கு 60 பக்கம். உங்கள் வீட்டிலோ எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் ஆய்வகத்தில் திணறியது உங்கள் ஹாலில் சுலபமாக நடந்தது எப்படி? ஒரே வழிதான். ஒன்று சத்தமாகப் பாடியிருக்கிறது.

ரெக்கார்டு ராசா:
டாக்கே இல்லாமல் கேட்கலாமே. நான் இசைத்தட்டு மட்டும்தான் வாங்குகிறேன். அனலாக் டேப்பிலிருந்து நேரே தட்டுக்கு. நடுவில் எந்த எண்ணும் கிடையாது.

நெல்லைச் செவி:
2022இல் மோஃபை என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் விவகாரம் வந்ததே, படித்தீர்களா? விலை கூடிய தட்டுகளைச் செய்வதில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி பல வருடமாக நடுவில் இருந்தது வெளியே வந்தது. அதுவரை அதே தட்டுகளைத்தான் அனலாகின் உச்சம் என்று கொண்டாடினார்கள்.

ரெக்கார்டு ராசா:
ஒரு கம்பெனி செய்ததற்கு மொத்த இசைத்தட்டையும் பழிப்பதா? என்னிடம் இருப்பவை எழுபதுகளின் மூல அழுத்தங்கள். அப்போது ஏது டிஎஸ்டி?

மீட்டர்காரன்:
கம்பெனியைப் பழிக்கவில்லை. நடுவில் டிஜிட்டல் இருப்பது காதுக்குத் தெரியும் என்றவர்கள் யாருக்கும் அது காதால் தெரியவில்லை. கேள்விப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் வால்வு நேசன் ஐயாவிடமும் கேட்கிறேன். மீட்டர்?

ஒன்றரை லட்சம்:
டாக் கேட்டது நான்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு. லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாகக் கொடுத்தால் ஸ்பீக்கரில் "உம்ம்" என்று ஒரு முனகல். டாக் மாற்றினால் போகுமா?

நெல்லைச் செவி:
சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். முனகல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் கரண்ட் ஓடுவது. ஆப்டிகல் வழியாகக் கொடுத்துப் பாருங்கள்; அதில் வெளிச்சம்தான் போகிறது, கரண்ட் போகாது. அதற்காக லட்சம் செலவழிக்க வேண்டாம்.

வால்வு நேசன்:
ஏணி வாங்கினாலும் முனகல் போகும். பவர் சப்ளை கனமானது.

மீட்டர்காரன்:
போகாது. கனத்துக்கும் கிரவுண்ட் லூப்புக்கும் சம்பந்தமில்லை. ஏணியின் விலை எங்கே போகிறது என்றும் சொல்கிறேன். 16 பிட் ஏணியின் மேல்படி சரியாக இருக்க 65,536இல் ஒரு பங்கு துல்லியம் வேண்டும். "0.01 சதவீத ரெசிஸ்டர்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது 10,000இல் ஒரு பங்கு. பற்றாததைச் சரிக்கட்டத் தனியாகத் திருத்தம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தமும் கணக்குத்தான் ஐயா. நீங்கள் வெறுக்கும் அதே கணக்கு.

வால்வு நேசன்:
காகிதத்தில் பற்றாதது காதில் பற்றுகிறது. நான் என்ன செய்ய?

தம்புரா:
மீட்டர்காரன், உங்களுக்கும் ஒன்று. கடையில் கிடைக்கும் மல்டிமீட்டர் பலவும் ஏசி வோல்டேஜை 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் காட்டும். 1 கிலோஹெர்ட்ஸ் டோனை வைத்து அளந்தால் அதுவும் பொய்.

மீட்டர்காரன்:
1 கிலோஹெர்ட்ஸ் என்று நான் எங்கே சொன்னேன்? 100 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். இரண்டு டாக்கையும் ஒரே மீட்டரில் அளந்தால், தப்பு இருந்தாலும் இரண்டிலும் ஒரே தப்பு. வித்தியாசம் சரியாகவே வரும். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வையுங்கள், இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள், பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். 16க்கு 12 சரியாகச் சொன்னால் நானே இங்கே உங்கள் பக்கம் பேசுவேன்.

தம்புரா:
அளவு சொன்னீர்கள், ஹெர்ட்ஸ் சொல்லவில்லை. அதைத்தான் குறை என்றேன்.

வால்வு நேசன்:
என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து கேளுங்கள். காபியும் உண்டு. மீட்டரை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம். பாட்டு கேட்கும் அறையை நான் எலெக்ட்ரீஷியன் கடையாக்க மாட்டேன்.

மீட்டர்காரன்:
மீட்டர் இல்லாமல் நான் வருவதாக இல்லை. இரண்டு எண்கள்தான் கேட்கிறேன். பழைய டாக் எத்தனை வோல்ட், புதியது எத்தனை வோல்ட்?

ஒன்றரை லட்சம்:
சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றுவிட்டது. அப்போ எந்த டாக் வாங்கட்டும்?

வால்வு நேசன்:
ஏணி.

மீட்டர்காரன்:
எத்தனை வோல்ட்?