சுவிஸில் முதல் மலை விடுமுறை: கார் போகாத ஊராகப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் "அமைதியா ரெண்டு நாள் எங்க போகலாம்?" என்று கேட்டால் உடனே யுங்ஃப்ராவ் என்று பதில் வரும். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அமைதிக்காக அங்கே போகாதீர்கள், கூட்டத்தில் நின்றே பாதி நாள் கழிந்துவிடும்.

நான் சொல்வது ப்ரவுன்வால்ட். கிளாருஸ் கன்டோனில் (மாநிலத்தில்) 1,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜெர்மனில் வால்ட் என்றால் காடு, ஊரின் பெயரிலேயே காடு இருக்கிறது. காரில் போக முடியாது. சூரிச்சிலிருந்து எஸ்25 ரயிலில் லிந்தால் வரை போய், அங்கிருந்து 1907 முதல் ஓடும் மலை ரயிலில் ஏற வேண்டும். சில நிமிடங்கள்தான், மேலே இறங்கியதும் காது அடைத்த மாதிரி ஒரு நிசப்தம். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும்: மாட்டு மணி, எங்கோ விறகு பிளக்கும் சத்தம், பின்னால் வரும் மின்வண்டியின் மெல்லிய உறுமல். எதிரே 3,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த டோடி மலை. பெட்டியை எடுத்துப்போக ஆள் வேண்டுமென்றால் விடுதியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி நாங்கள் பட்டு அறிந்தது. முதல் வருடம் நவம்பரில் வேறொரு மலைக் கிராமத்துக்குப் போனோம். ரோப்கார் பராமரிப்புக்காக நிறுத்தம், உணவகங்கள் எல்லாம் பூட்டு. போதாக்குறைக்கு அன்று ஞாயிறு, கடையும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு பையில் கிடந்த பிஸ்கட்தான். கோடைக்கும் பனிக்காலத்துக்கும் நடுவில் இப்படி ஒரு இடைவெளி உண்டு. வசந்தத்திலும் இதே கதைதான். அறை பதிவு செய்யும் முன் ரயில், ரோப்கார் ஓடும் தேதிகளைப் பாருங்கள். சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஹால்ப்டாக்ஸ் அட்டை இன்னும் எடுக்கவில்லையா? முதலில் அதை எடுங்கள். ரயில், பஸ், படகு, பல மலை ரயில்கள் என்று பெரும்பாலானவற்றில் பாதிக் கட்டணம்தான். விடுதி பில்லில் கூர்டாக்ஸ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் பதற வேண்டாம், அது தங்குபவர்களுக்கான ஊர் வரி.

நடக்கும்போது மஞ்சள் பலகைகளைக் கவனியுங்கள். அதில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதுவும் நிற்காமல் நடப்பவர்களின் நேரம். பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு என்றால் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் கட்டாயம். நடுவில் நீலமா? அந்தப் பக்கமே போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவை விட்டு நன்றாக விலகிப் போங்கள், போட்டோ ஆசை வேண்டாம். திரும்பி வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு வரை பாருங்கள். அவசரத்துக்கு 144, ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா (Rega) என்ற மீட்பு அமைப்பின் 1414.

எப்போது போவது என்றால், என் ஓட்டு அக்டோபருக்கு. சூரிச்சை மூடுபனி மூடிக் கிடக்கும் சில நாட்களில் மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும். கிளம்பும் முன் காலையில் ஊரின் வெப்கேமைத் திறந்து பாருங்கள். வானம் நீலமாகத் தெரிந்தால் அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.