இரண்டு கேம் பாய்களையும் ஓர் என்இஎஸ்ஸையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது எப்படி?

சதுரஅலை எழுதியது:

வணக்கம். என்னிடம் நின்டெண்டோவின் பழைய விளையாட்டுக் கருவிகள் மூன்று இருக்கின்றன: சாம்பல் நிறக் கேம் பாய் ஒன்று, கேம் பாய் கலர் ஒன்று, என்டிஎஸ்சி என்னும் டிவி முறையில் இயங்கும் என்இஎஸ் ஒன்று. கேம் பாய்கள் இரண்டிலும் எல்எஸ்டிஜே என்னும் இசையமைப்பு மென்பொருள் ஓடுகிறது. என்இஎஸ்ஸில், ஃபேமிட்ராக்கர் என்னும் கணினி மென்பொருளில் எழுதிய பாடலை ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வழியாக ஒலிக்க விடுகிறேன். மூன்றிலும் வேகத்தை 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 பீட்) என்றே வைத்திருந்தும், பாடல் பாதியைத் தாண்டுவதற்குள் என்இஎஸ்ஸின் டிரம்ஸும் கேம் பாயின் பேஸும் விலகிக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. மேடையில் நேரடியாக வாசிக்கப் போவதால், தனித்தனியாகப் பதிவுசெய்து கணினியில் ஒட்டும் வழி எனக்கு உதவாது. எதை எதனோடு இணைக்க வேண்டும்? சாலிடரிங் ஓரளவு தெரியும்.

டிக்24 எழுதியது:

திரையில் ஒரே எண் தெரிவதால் கருவிகள் ஒரே வேகத்தில் ஓடுகின்றன என்று பொருளாகாது. என்டிஎஸ்சி என்இஎஸ் விநாடிக்குச் சரியாக 60 முறை திரையைப் புதுப்பிப்பதில்லை; ஏறத்தாழ 60.1 முறை புதுப்பிக்கிறது. ஃபேமிட்ராக்கரில் எழுதிய பாடல் அந்தத் துடிப்பை நம்பித்தான் நகர்கிறது என்பதால், நீங்கள் 150 என்று வைத்தது உண்மையில் 150.25 பிபிஎம் அளவில் ஓடும். சரியாக 150இல் ஓடும் ஒரு கருவியோடு ஒப்பிட்டால், 3 நிமிடப் பாடலின் முடிவில் இந்த வேறுபாடு 0.3 விநாடியாகிவிடும்; 150 பிபிஎம்மில் ஒரு பீட்டே 0.4 விநாடிதான் என்னும்போது, அது முக்கால் பீட் விலகல். கேம் பாயின் திரையோ விநாடிக்கு 59.73 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒரு கருவி கடிகாரம் கொடுக்க, மற்றவை தங்கள் சொந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு அதைப் பின்பற்றினாலொழிய இந்தச் சிக்கல் தீராது.

கேம் பாய்கள் இரண்டுக்கும் இது எளிது. யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய எல்எஸ்டிஜேயில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. புராஜெக்ட் திரையில் உள்ள சிங்க் (ஒத்திசைவு) அமைப்பை, பழைய பதிப்பாக இருந்தால் ஒன்றில் மாஸ்டர் என்றும் மற்றதில் ஸ்லேவ் என்றும், புதிய பதிப்பாக இருந்தால் இரண்டிலும் எல்எஸ்டிஜே என்றும் வையுங்கள். பழைய பதிப்பில், பின்தொடரும் கருவியில் முதலில் ஸ்டார்ட் அழுத்தினால் அது காத்து நிற்கும். அதன்பின் மற்றதில் அழுத்துங்கள். இரண்டையும் இணைக்கும் லிங்க் கேபிளில் ஒரு பைட் போய்ச் சேர ஏறத்தாழ 1 மில்லி விநாடிதான் ஆகும் என்பதால் காதுக்கு எந்தத் தாமதமும் தெரியாது.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. சாம்பல் கேம் பாயின் லிங்க் துளை பெரியது, கலரின் துளை சிறியது. ஒரு முனை பெரிதும் மறுமுனை சிறிதுமாக உள்ள கேபிள் வேண்டும். மலிவான கேபிள்கள் சிலவற்றில் உள்ளே எல்லாக் கம்பிகளும் இருப்பதில்லை. தரவு போகும் கம்பியும் வரும் கம்பியும் குறுக்காகவும், கடிகாரமும் கிரவுண்டும் நேராகவும் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

முக்கோணம் எழுதியது:

என்இஎஸ்தான் இதில் பிடிவாதக்காரப் பெட்டி. அதில் லிங்க் துளையே கிடையாது. ஃபேமிட்ராக்கர் பாடலும் வெளியிலிருந்து வரும் கடிகாரத்தைக் கேட்காது. அது யாரையும் பின்பற்றாது என்றால் அதையே மாஸ்டராக்கிவிடலாமே என்று தோன்றும். அதன் ஒலிச் சிப்பில் இரண்டு சதுர அலைகளும் ஒரு காலிலும் (பின்), முக்கோண அலையும் இரைச்சலும் டிபிசிஎம் என்னும் பதிவொலித் தடமும் இன்னொரு காலிலும் தனித்தனியே வெளியேறுகின்றன. ஒரு காலைப் பிரித்தெடுத்து அதில் 'டக் டக்' என்ற துடிப்பை மட்டும் அனுப்பலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஐந்து தடங்களில் இரண்டையோ மூன்றையோ பலிகொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கடிகாரத்துக்காக அத்தனை ஒலியை இழப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

இதே தந்திரம் கேம் பாயில் மட்டும் கட்டுப்படியாகும். அங்கே நான்கு தடங்களில் எதையும் முழுக்க இடப்பக்கம் தள்ளிவிட முடியும். ஒரு சதுர அலையை இடப்பக்கம் வைத்து, எல்எஸ்டிஜேயின் ஸ்வரப் பட்டியலில் இரண்டு வரிக்கு ஒரு துடிப்பு அனுப்பினால், பீட்டுக்கு இரண்டு துடிப்பு எதிர்பார்க்கும் கோர்க் வோல்கா போன்ற சிறு இசைப் பெட்டிகளை அதனோடு ஓட்டலாம். சத்தம் போதாவிட்டால் மிக்ஸர் வழியாகப் பெருக்கிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரை, ஃபேமிட்ராக்கரை மேடையிலிருந்து இறக்கிவிடுவது. மிடினெஸ் போன்ற மிடி (இசைக் கருவிகள் ஸ்வரத்தையும் கடிகாரத்தையும் பரிமாறிக்கொள்ளும் முறை) கார்ட்ரிட்ஜைப் போட்டால் என்இஎஸ் தானாக வாசிக்காமல், வெளியிலிருந்து வரும் ஸ்வரங்களை ஒலிக்கும் பெட்டியாக மட்டும் இருக்கும். ஒரு மிடி சீக்வென்சர் என்இஎஸ்ஸுக்கு ஸ்வரங்களையும், ஆர்டுயினோபாய் என்னும் சிறு பலகைக்கு மிடி கடிகாரத்தையும் அனுப்பட்டும். அந்தப் பலகை கடிகாரத்தைக் கேம் பாய்க்குப் புரியும்படி மாற்றி லிங்க் துளையில் கொடுக்கும். மிடி கடிகாரம் பீட்டுக்கு 24 டிக், அதாவது 24 சிறு துடிப்பு. எல்எஸ்டிஜேயும் இயல்பாக ஒரு வரிக்கு 6 டிக், பீட்டுக்கு 4 வரி என்று அதே 24இல்தான் நடக்கிறது. அதனால் இடையில் எந்தக் கணக்குப் பிசகும் வராது. மிடினெஸ் எளிதில் கிடைப்பதில்லை என்பது மட்டுமே இதில் உள்ள குறை.

பேட்டரிப்பெட்டி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு கேம் பாய்களையும் ஒரே அடாப்டரில் மாட்டி, லிங்க் கேபிளையும் போட்டு, இரண்டின் ஒலியையும் ஒரே மிக்ஸருக்குக் கொண்டுபோனால், கிரவுண்ட் பல வழியாகச் சுற்றிவந்து ஓர் ஊளை கிளம்பும். அதில் டிக்குகளும் 'கிர்ர் கிர்ர்' என்று கேட்கும். மேடையில் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். லிங்க் கேபிளில் 5 வோல்ட் கம்பி இணைந்திருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள், சிங்க்குக்கு அது தேவையில்லை. மிடி வழி வந்தால் இந்தத் தொல்லை குறைவு. மிடி உள்ளீட்டில் இருக்க வேண்டிய, ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்தே வைக்கிறது.

சதுரஅலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கேம் பாய்களை இணைத்துவிட்டேன். முதல் பாடல் அச்சாகச் சேர்ந்து ஓடுகிறது. இரண்டாவது பாடலில் மட்டும், கடிகாரம் ஒன்றாக இருந்தும், கலர் ஒவ்வொரு ஃபிரேஸிலும் (16 வரித் துண்டு) சற்று முந்திக்கொண்டே போகிறது. கலரில் குரூவ் (அடுத்தடுத்த வரிகளுக்கான டிக் எண்ணிக்கை) 6/5 என்று இருக்கிறது. அதுதான் காரணமா?

டிக்24 எழுதியது:

அதேதான். கேபிளில் போவது டிக் மட்டுமே; எத்தனை டிக்குக்கு ஒரு வரி நகர வேண்டும் என்பதை ஒவ்வொரு கேம் பாயும் தன் குரூவைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. 6/6 என்றால் 16 வரிக்கு 96 டிக். 6/5 என்றால் 88 டிக்தான், ஆகவே ஒவ்வொரு ஃபிரேஸிலும் கலர் 8 டிக் முன்னால் போய்விடுகிறது. தாளத்தில் ஸ்விங் அசைவு வேண்டுமென்றால் 7/5 அல்லது 8/4 வையுங்கள், இரண்டு வரிக் கூட்டுத்தொகை 12 ஆகவே இருக்கும். ஃபிரேஸை இடையில் முறிக்கும் ஹெச் கட்டளை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.