மறு: கவான்2 என்பதில் வரும் ‘2’-க்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். மலாய் மொழியில் சொல்லை இரட்டிக்க அதன் பின்னால் போடும் ‘2’ என்ற குறிக்கு, நம் சொற்பட்டியலுக்காகத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> ‘இரட்டைக்கிளவி எண்’ என்று வைத்துவிடலாமே. பள்ளியிலேயே படித்த சொல்.

ஐயா, எனக்கு அங்கேதான் தடை. பிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தின் காலத்து மலாய்ப் பிள்ளைகள் தோழனின் பக்கத்தில் டெஸ்டிமோனியல் (அவரைப் பற்றிய பாராட்டுக் குறிப்பு) எழுதும்போது ‘கவான்-கவான்’ என்று நீட்டி எழுதவில்லை. ‘கவான்2’ என்று முடித்தார்கள். கவான் என்றால் நண்பன், இரட்டித்தால் நண்பர்கள். பிரித்தாலும் பொருள் நிற்கிறது, ஆகவே இரட்டைக்கிளவி ஆகாது. சரி, அடுக்குத்தொடர் என்போம் என்றால் ‘ராமா2’ குறுக்கே வருகிறது. ராமா-ராமா வண்ணத்துப்பூச்சி, ஒற்றை ராமாவுக்கு அந்தப் பொருள் இல்லை. இரண்டு வகைக்கும் குறி ஒன்றுதான். நம் இலக்கணப் பெயர் எதை வைத்தாலும் பாதியை வெளியே தள்ளிவிடுவோம்.

> அடுக்கெண்?

அக்கா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பாடத்தில் ‘அடுக்கு’ ஏற்கெனவே குடியேறிவிட்டது. கவானின் வர்க்கம் என்று படித்துவிடுவார்கள்.

இந்தக் குறியைப் பட்டியலில் ‘இளைஞர் கொச்சை’ என்ற தலைப்பின்கீழ் போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும் என்று வேண்டுகிறேன். ஜாவி எழுத்தில், அதாவது மலாயை எழுதும் அரபு வரிவடிவத்தில், சொல்லை இரட்டிக்க அரபு இலக்கமான இரண்டைப் போடுவது பழைய வழக்கம். ரூமியிலும், அதாவது ரோமன் எழுத்திலும், அப்படியே எழுதினார்கள். 1972-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம்தான் அதை விலக்கி, இடைக்கோடு போட்டு முழுச்சொல்லையும் திரும்ப எழுதச் சொன்னது. கையெழுத்துக் குறிப்புகளில் அதற்குப் பிறகும் அது சாகவில்லை. 160 எழுத்துக்குள் அடங்க வேண்டிய குறுஞ்செய்தியிலும், எம்ஐஆர்சி என்ற இணைய அரட்டை மென்பொருளின் வேகத்திலும் அதே குறி மறுபடி தலைதூக்கியது. பள்ளியில் இடைக்கோடு படித்த பிள்ளைகளின் விரலில் தாத்தா காலத்துக் குறி! இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரில் ‘அரட்டை’, ‘குறுஞ்செய்தி’ போன்ற ஒட்டும் வேண்டாம்.

என் பரிந்துரை: சொல்லிரட்டி. ஒலிபெருக்கி, குளிரூட்டி போல, செய்யும் வேலையே பெயராக நிற்கும். ‘2’ என்ற வடிவத்தை விட்டுவிடுவதும் நல்லதே. தனியாக நிற்கும் 2-ஐச் சிலர் மலாயின் ‘து’ என்ற ஒலிக்காக, ‘அது’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அது சொல்லிரட்டி அல்ல.

ஒரு குறை இருக்கிறது. ‘பெர்மாயின்2’ என்பதை (பெர்மாயின் என்றால் விளையாடு) பெர்மாயின்-மாயின் என்று வாசிக்க வேண்டும். முன்னொட்டு திரும்புவதில்லை, வேர் மட்டும் இரட்டிக்கிறது. துல்லியம் பார்த்தால் ‘வேரிரட்டி’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் முதல்முறை படிப்பவருக்குச் சொல்லிரட்டியே சட்டென்று விளங்கும் என்று நம்புகிறேன். வேர் பற்றிய செய்தியை விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டு கட்டாயம் வேண்டும். 2011-இல் பிரெண்ட்ஸ்டர் விளையாட்டுத் தளமாக மாறியபோது அந்த டெஸ்டிமோனியல்கள் எல்லாம் அழிக்கப்பட்டன. ஒரு தலைமுறை எழுதிப் பழகிய மலாய் அதில் இருந்தது. இப்போதைக்குக் கவான்2, ராமா2, பெர்மாயின்2 மூன்றையும் சேர்க்கிறேன். இந்த மூன்றிலும் அடங்காத வகை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.