காலடிப்பேட்டையில் துணிக்கடை: பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி வைக்கலாமா?

தேரடிப் பக்கத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னையில் காலடிப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் மாமியார் வீடு. முன்னறையில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் காலி பண்ணுகிறார். பத்துக்குப் பதினெட்டு அடி. வாடகை கிடையாது என்பதால் துணிக்கடை போடலாம் என்று இருக்கிறேன். நைட்டி, உள்பாவாடை, சுடிதார் மெட்டீரியல், குழந்தைகள் துணி. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் கடன் வாங்குவதாக இல்லை.

நான் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தவள். காலையில் மாடி ஏறினால் இரவு வரை நின்றுகொண்டேதான் வேலை. 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. ஆனால் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அதனால் என் கடைக்கு நான் முதலில் வாங்கப் போவது நாற்காலிதான், அலமாரியெல்லாம் அப்புறம்.

எங்கள் தெருவில் ஆம்பளைகளுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, கட்சி மன்றத்தில் பேப்பர் இருக்கிறது, கேரம் கிளப் இருக்கிறது. (2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். ஆனாலும் எங்கள் தெரு கிளப்புக்குள் ஒரு பெண் போய் நான் பார்த்ததில்லை.) பெண்கள் பேசுவதென்றால் தண்ணி லாரி வரும்போது குடத்தோடு பேசுவதுதான். பௌர்ணமிக்கு வடிவுடையம்மன் கோயிலில் உட்காரலாம் என்றால் அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும்.

கேட்க நினைப்பது இதுதான். உட்கார வருகிறவர்கள் எதுவும் வாங்காமல் எழுந்து போனால் கடை தாங்குமா? டீ கொடுக்கலாமா? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, ஏறி வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். என்னிடம் எதற்கு வாங்குவார்கள்?

எம்.சி. ரோடு மொத்தக் கடை:

சகோதரி, விலையில் எங்களோடு மோதாதீங்க. நாங்கள் தருகிற அதே நைட்டியைத்தான் நீங்களும் மாட்டப் போகிறீர்கள். எங்கள் தெருவில் என்ன விலை என்பது உங்கள் வாடிக்கையாளருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். இருபது, முப்பது கூட வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நூறு வைத்தால் பஸ் ஏறிவிடுவார்கள்.

ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தைக்குப் போகச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். உங்கள் முதலுக்கு லாரி வாடகை கட்டாது. போகாத சைஸை மாற்றித் தருகிற மொத்தக்காரர் ஒருவரைப் பிடித்து அவரிடமே எடுங்கள். முதல் சரக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டாதீங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரக்கு எடுக்க வராதீங்க, இங்கே கால் வைக்க இடமிருக்காது.

பட்டேல் நகர் அக்கா:

தங்கச்சி, தண்டையார்பேட்டையில் நான் வைத்திருப்பது ஏறக்குறைய நீ சொல்கிற கடைதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எம்.சி. ரோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நாளைக்குக் காலையில் வளைகாப்பு, இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சேலையைப் பிரித்துப் பார்க்கிறாள். ஃபால்ஸ் இல்லை, உள்பாவாடை கலர் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் பஸ் ஏறுவாளா? ஃபால்ஸ், லைனிங் துணி, ஹூக், உள்பாவாடையில் இருக்கிற கலர் எல்லாம், இவை தீராமல் பார்த்துக்கொள். லாபம் சின்னதுதான், ஆனால் ஆள் உள்ளே வருவது இதற்குத்தான். சாவு வீட்டுக்குக் கோடித் துணியும் கொஞ்சம் எடுத்து வை. ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். எழுந்து கொடு, பகல் விலைக்கே கொடு. தெரு அதை மறக்காது.

நாற்காலி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வாசலைப் பார்த்து ஒரு தையல் மெஷின் போடு. சும்மா வந்து உட்கார நம்ம பெண்களுக்குக் கூச்சம். "என்ன, வேலை வெட்டி இல்லையா" என்று மாமியார் கேட்பாள், புருஷன் கேட்பான். கையில் ஓரம் அடிக்க ஒரு சேலை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். என் கடையில் ஒரு பெரியம்மா ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்பப் பிரித்து அடிக்கக் கொண்டுவருகிறார். நானும் அடித்துக் கொடுக்கிறேன்.

பணம் எப்போது புழங்குகிறது என்று பார். மாதம் 15ஆம் தேதி உரிமைத் தொகை விழுந்ததும் இரண்டு நாள் நைட்டி ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. காசிமேட்டில் படகு நின்றால் ஐஸ்காரர், மீன் விற்கிற அம்மாக்கள், ஆட்டோக்காரர் எல்லாருக்கும் கை வறண்டுவிடும். அப்போது புதுத்துணி ஓடாது, ஆல்டரேஷன் ஓடும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் போன வருஷத்து யூனிஃபார்மைப் பிரித்து இறக்கி விடச் சொல்லி வந்துகொண்டே இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்துக்குச் சரக்கு எடுக்காதே.

இனி நீ கேட்காத ஒன்று. நாலு பெண்கள் தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது வட்டிக்குக் கொடுத்துத் தினமும் வசூலிக்கிற தண்டல்காரன்தான். "வீடு வீடா அலைய முடியலக்கா, இங்கேயே வந்து வாங்கிக்கிறேன்" என்று பாவமாகத்தான் கேட்பான். அடுத்து குரூப் லோன் மேடம், மீட்டிங் போட இடம் கேட்பாள். சரி என்று விட்டாயானால் தவணை கட்ட முடியாதவள் உன் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். உன் கடையில் வந்து உட்கார வேண்டியவளே அவள்தானே? தண்டல் பையன் வந்தால் நான் படியேற விடுவதில்லை. "இங்க யாரும் உனக்குத் தர வேண்டியதில்ல, போப்பா" என்றுவிடுவேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவான், போகட்டும்.

கடன் நோட்டு இல்லாமல் இந்தப் பக்கம் கடை நடத்த முடியாது. ஒரு வீட்டுக்கு ஐந்நூறோடு நிறுத்து. நோட்டை மேஜைக்குள்ளேயே வை, நாலு பேர் இருக்கும்போது வெளியே எடுக்காதே.

ஓய்வுபெற்ற கணக்கர்:

துணி மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தையல் கூலியும் வாங்கினால் அது சேவையில் சேரும், அப்போது வரம்பு 20 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம்தான். மாநகராட்சித் தொழில் உரிமம் கட்டாயம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் காசு கொடுத்துச் செய்யாதீர்கள்.

பெண்கள் கூடினால் "தீபாவளிச் சீட்டு பிடிக்கலாமே" என்று கட்டாயம் ஒருவர் ஆரம்பிப்பார். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் சீட்டு நடத்துவது குற்றம். கடை உங்கள் பெயரில் இருப்பதால், யார் பிடித்தாலும் போலீஸ் முதலில் வருவது உங்களிடம்தான்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. கீழ்த் தட்டை இடுப்பு உயரத்துக்கு வையுங்கள்.

தேரடிப் பக்கத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரின் பழைய கால் மெஷின் பரணில் இருக்கிறது, அதை இறக்கிவிடுகிறேன். அக்கா, டீ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? ஆடி மாதமே திறந்துவிடலாம் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

பட்டேல் நகர் அக்கா:

டீ வேண்டவே வேண்டாம். புது நைட்டியில் சிந்தினால் எம்.சி. ரோட்டுக்காரர் திரும்ப எடுப்பாரா? ஒரு பானைத் தண்ணி வை, போதும். ஆடியில் யார் புதுக்கடை திறப்பார்கள்? உன் மாமியாரே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆடியில் பெயிண்ட் அடித்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஓரம் அடிக்கிற வேலையை மட்டும் ஆரம்பி. ஆவணியில் முகூர்த்தம் பார்த்துத் திறந்தால் தீபாவளிக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும்.

எம்.சி. ரோடு மொத்தக் கடை:

சிந்தினால் எடுக்க மாட்டேன். சைஸ் மாற்றிக்கூடத் தரமாட்டேன்.